ஐயாயிரத்து ஐந்நூற்றுக்கு மேல் ஏறாத கார்

கம்பம் பள்ளத்தாக்கில் எதையும் முழுதாக நிறைய விடாத ஒரே மனிதர் எங்கள் 'போதும்' அண்ணன்தான். டீ அரை கிளாஸ் விழுந்ததும் "போதும்" என்பார். பந்தியில் சோற்றுக் கரண்டி இலைக்கு வரும் முன்பே "போதும்". தாலி கட்டும்போதே இரண்டாவது முடிச்சில் "போதும்" என்றதாக ஊரில் பேச்சு. அவர் மனைவி இதுவரை மறுக்கவில்லை.

அல்லிநகரத்தில் அவருக்கு ஒர்க்‌ஷாப். பிஸ்டனைத் தாங்கும் ராடு உடைந்த என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் அங்கேதான் எஞ்சின் பிரிந்து கிடந்தது. "இன்னொருக்கா ஒடஞ்சா எடைக்குப் போட்டுருவேன்" என்று என் வீட்டம்மா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிறவள்.

எஞ்சினைப் பூட்டும் முன் அண்ணன் தன் ஜீப்பைக் கொடுத்து வீரபாண்டி வரை என்னை ஓட்டச் சொன்னார். ரோட்டையே பார்க்கவில்லை. வழி நெடுக என் இடது கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எஞ்சின் நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுத்து தாங்கும் தம்பி. ஆனா நான் வைக்கப்போற லிமிட்டு ஐயாயிரத்து ஐந்நூறு, அதுக்கு மேல ஏறாது."

"அநியாயமா இருக்கே, ஏண்ணே?"

"மூணாம் கியர்லருந்து நாலுக்குப் போறேன்னு ரெண்டுல போடுறீக."

"அதத் தடுக்கத்தானண்ணே லிமிட்டு?"

"அது பெட்ரோலத்தான் நிறுத்தும். ஓடுற சக்கரம் எஞ்சினச் சுத்துறத யாரு நிறுத்துவா, ஒங்க மாமனாரா? ஐயாயிரத்து ஐந்நூறுல தப்பா விழுந்தா எட்டாயிரத்துக்குள்ள நிக்கும். ஏழாயிரத்துல விழுந்தா ராடு வெளிய வந்து வணக்கம் சொல்லும்."

கார் வந்தது. சின்னமனூர் தாண்டி ஒரு பஸ் என்னை முந்தியது. மானம் போயிற்று. மதுரையில் லேப்டாப்பைச் செருகி எஞ்சின் செட்டிங் மாற்றும் ஒருவரைப் பிடித்து லிமிட்டை ஏழாயிரமாக்கினேன்.

மறு ஞாயிறு, லோயர் கேம்புக்கு முன்னால் நேர் ரோடு. ஏழாயிரத்தில் மூன்றிலிருந்து நான்குக்குப் போனேன். பாழாய்ப்போன கை இரண்டில் போட்டது. வண்டி போட்ட கூச்சலில் தென்னந்தோப்புக் காக்கையெல்லாம் எழும்பிப் பறந்தது. அப்புறம் சத்தமே இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கயிறு கட்டி இழுத்து வந்தோம். அண்ணன் எஞ்சினைப் பிரித்தார். இரண்டு வால்வு வளைந்திருந்தன. ராடு நான்கும் முழுசாக இருந்தன.

"எப்படிண்ணே தப்பிச்சுச்சு?"

"ராடுக்கு ரேஸ் வண்டிக்குப் போடுற போல்ட்டு போட்டு வச்சேன். நீங்க சொன்ன பேச்சுக் கேக்க மாட்டீகன்னு தெரியாதாக்கும்?"

சொல்லிக்கொண்டே போனை எடுத்து என் வீட்டம்மாவிடம் பேசினார். "ஒண்ணுமில்ல ஆத்தா, சும்மா சர்வீசு. ரெண்டு நாள்ல தந்துருவேன்."

இப்போது நான் ஐயாயிரத்து ஐந்நூற்றில்தான் ஓட்டுகிறேன். முந்திப் போகிற பஸ்காரர்கள் மேலெல்லாம் கோபம் வருகிறது. லிமிட்டு வைத்த அண்ணன் மேல் மட்டும் வரமாட்டேன் என்கிறது.