நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு

மனைவி முன்னுக்கு வரக்கூடாது என்று நினைக்கிற புருஷன் அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் அவன் மனுஷனே இல்லை. அதனால் அந்த வாரம் முழுக்க அவர், "போ, தைரியமாப் போ" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. பத்தொன்பது வருஷமாக ஒரே நாற்காலி. அதன் கால்கூட இரண்டு தடவை மாறிவிட்டது, அவர் மாறவில்லை. அவர் மனைவி நர்ஸ். எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ் வேலைக்கு அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கிடைத்தால் குவார்ட்டர்ஸும் அங்கேயே. வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வருவாள். மற்ற நாளெல்லாம் வீட்டில் அவரும் சுவர்க்கடிகாரமும்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார். அலுவலகத்தில் தன்னை "ஹெட் நர்ஸ் வீட்டுக்காரர்" என்பார்களே, அது தொண்டையில் மாட்டிய முள்ளாக உறுத்தியது.

மூன்று வருஷத்துக்கு முன்னாலும் இப்படி ஒன்று வந்தது. அவள் புறப்படுகிற நேரத்தில் அவருக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். எழுபத்திரண்டு, சீரான துடிப்பு. கைப்பையைக் கீழே வைத்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அதற்கப்புறம் அவரிடம் அதிகம் பேசவும் இல்லை.

ஒரே வலியை இரண்டு தடவை வரவழைக்க முடியாது. இந்தத் தடவை வலி வண்டிக்கு வரட்டும் என்று முடிவு செய்தார்.

அவருடைய மோட்டார் சைக்கிள் அவர் கல்யாணத்தைவிட மூத்தது. இரண்டும் ஓடிக்கொண்டிருப்பது ஊருக்கே ஆச்சரியம். டேங்குக்குள் துரு. அது பெட்ரோலோடு இறங்கிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். பெட்ரோல் குழாயின் நடுவில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஃபில்டர் மாட்டச் சொல்லி மெக்கானிக் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை அவர் கடைக்குப் போய்த் தானே ஒன்றைக் கையில் எடுத்தார்.

"அது வேணாம் சார். காருக்குப் போடறது. உள்ள காகிதம் இருக்கு. கார்ல பம்ப் பிடிச்சுத் தள்ளும். உங்க வண்டில பெட்ரோல் தானா இறங்கணும். இதை மாட்டினா சொட்டுச் சொட்டாத்தான் வரும்."

"ஊருக்குள்ள ஓடும்ல?"

"ஓடும். பெரிய ரோட்டுல முறுக்கினா நாலு கிலோமீட்டர்ல நின்னுடும். பத்து நிமிஷம் கழிச்சுக் கிளம்பும். மறுபடியும் நிக்கும்."

"ஏன் நிக்குதுன்னு பாக்கறவங்களுக்குத் தெரியுமா?"

"எதுக்கு சார் கேக்கறீங்க?"

"சும்மா, ஒரு பொது அறிவுக்கு. இதையே குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து மாட்டினார். இருக்கட்டும் என்று ஃபில்டரின் அம்புக்குறியைத் தலைகீழாக வைத்தார். குழாயையும் நீளமாக விட்டு ஒட்டகத் திமில்போல வளைத்தார். பத்தொன்பது வருஷ உத்தியோகத்தில் எந்த வேலையையும் அவர் இவ்வளவு அக்கறையாகச் செய்ததில்லை. மனைவி துணி உலர்த்த வெளியே வந்தாள்.

"ஏங்க, நான் பஸ்லயே போயிக்கறேனே."

"பஸ்ஸா? நான் எதுக்கு இருக்கேன்? உன்னை ராணி மாதிரி கொண்டுபோய் வாசல்ல இறக்கறேன்."

"இது போய்ச் சேருமா?"

"புது ஃபில்டர். இனிமே வடிகட்டின பெட்ரோல்தான்!"

அவள் ஃபில்டரை ஒரு நிமிஷம் பார்த்தாள். "சரி, உங்க கூடவே வரேன்" என்றாள். இவ்வளவு சுலபமாகச் சம்மதிக்கிறவள் அல்ல அவள். சந்தோஷத்தில் அது அவருக்கு உறைக்கவில்லை.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பெரிய ரோட்டில் ஏறியதும் முறுக்கினார். மெக்கானிக் வாக்கு பொய்க்கவில்லை. நாலாவது கிலோமீட்டர் கல் தாண்டியதும் வண்டி இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

"ஐயோ! இன்னிக்குன்னு பாத்தா இப்படி ஆகணும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். முந்தின நாள் குளியலறையில் ஒத்திகை பார்த்திருந்தார்.

"தள்ளி நில்லுங்க" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. பத்து நிமிஷம் ஆற விடணும்."

"இருபத்திரண்டு வருஷமா சலைன் ஏத்தறேன். மேல பாட்டில், கீழ ஆளு, நடுவுல குழாய். இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு?"

முதலில் டேங்கின் மூடியைத் திறந்தாள். "பாட்டிலுக்குள்ள காத்து போகலைன்னாலும் இறங்காது. இங்க கோளாறு அது இல்லை." குழாய் வளைவை நிமிர்த்தி விரலால் சுண்டினாள். குமிழாக நின்ற காற்று மேலே ஓடியது. அப்புறம் கார்புரேட்டரிலிருந்து குழாயைக் கழற்றி, ரோட்டோரம் கிடந்த ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். அவருக்கு வியர்த்தது.

"நிமிஷத்துக்கு நாற்பது சொட்டு. ஆளுக்குச் சரியான வேகம். வண்டிக்குப் பத்தாது." ஃபில்டரைத் திருப்பிப் பார்த்தாள். "அம்பு மேல பாக்குது. நீங்கதானே மாட்டினீங்க?"

"கை தவறிப்போச்சு."

"கடையில கார் ஃபில்டராக் கேட்டு வாங்கினதும் கை தவறியா?"

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"மெக்கானிக் வீட்டுல ரெண்டு பிரசவமும் நான்தான் பாத்தேன். நீங்க கடைய விட்டு இறங்கறதுக்குள்ள எனக்கு போன் வந்தாச்சு. வடிகட்டின முட்டாள்னு நினைச்சீங்களா என்னை?"

கைப்பையிலிருந்து ஒரு கத்தரியையும் சின்னதாக ஒரு ஃபில்டரையும் எடுத்தாள். உள்ளே காகிதம் இல்லை, கம்பி வலை. டேங்கின் அடியிலிருந்த திருகை மூடி, கத்தரியால் ரப்பர் குழாயை அளவாக வெட்டி, அம்பு கீழே பார்க்கச் செருகினாள். திறந்ததும் பெட்ரோல் கோடாக ஓடியது.

"தெரிஞ்சும் ஏன் ஏறி உக்காந்தே?" என்று மெல்லக் கேட்டார்.

"நீங்க எவ்வளவு தூரம் போவீங்கன்னு பாக்கலாம்னு தோணிச்சு." கையைத் துடைத்துக்கொண்டாள். "நாலு கிலோமீட்டர்தான் போனீங்க."

மறுபடியும் கிளம்பினார்கள். பத்துக்கு இருபது நிமிஷம் இருக்கும்போதே ஆஸ்பத்திரி வந்துவிட்டது. அவர் வெளியே நிற்கப் பார்த்தார். "நீங்களும் உள்ள வாங்க" என்றாள்.

மேட்ரன் அறையில் அவர் முன்னால் ஒரு ஃபாரத்தை நீட்டினார்கள். குவார்ட்டர்ஸ் விண்ணப்பம். கணவர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டுமாம். போட்டார்.

"பல பேர் வீட்டுல புருஷன் இதுக்கு வரவே மாட்டாங்க. நீங்க இந்தப் பழைய வண்டில இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்திருக்கீங்க. குடுத்து வெச்சவங்க உங்க சம்சாரம்" என்றார் மேட்ரன்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவர் கேட்டார், "நேர்காணல் எத்தனை மணிக்கு?"

"அது போன புதன்கிழமையே முடிஞ்சுது. நீங்க ஆபீஸ் போயிருந்தீங்க. இன்னிக்கு வேலைல சேர்றேன்."

"இன்னிக்கேவா? துணிமணி?"

"வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டேன். மூணு நாளா பீரோ காலியாத்தான் இருக்கு. நீங்க திறந்து பாக்கலை."

அவள் கண்களில் கோபத்தைத் தேடினார். அது இல்லை. "பாத்துப் போங்க" என்று சொல்லிவிட்டு, படியேறி, திரும்பிப் பார்க்காமல் வார்டுக்குள் போய்விட்டாள்.

அவர் வண்டியைக் கிளப்பினார். எங்காவது நடுவழியில் நின்றால் அதைச் சாக்கு வைத்து அவளுக்கு ஒரு போன் போடலாம், அவளும் ஏதாவது சொல்வாள் என்று வேண்டுமென்றே முறுக்கு முறுக்கென்று முறுக்கிப் பார்த்தார்.

எழுபது கிலோமீட்டரும் வண்டி ஓர் இடத்தில்கூட நிற்கவில்லை.