மார்த்தா மரத்தில் ஒரு ரிப்பன்

மேயர் லேஹ்தோ சாப்பாட்டு மேஜையின்மேல் குப்புறப் படுத்திருந்தார். அதனால் ரெய்னோ காங்காஸுக்குத் திட்டு வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கிற சிரமம் இல்லாமல் போயிற்று. அவர் முதுகில் சூடான உப்பு மூட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்த மனைவிதான் புருஷனுக்கும் சேர்த்து முறைத்துக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை ஊர்த் திருவிழா. அதுக்குள்ள மார்த்தா மரம் பச்சையாகணும்," என்றார் மேயர், தரையைப் பார்த்து.

"அது தானா ஆயிடுமே சார். வருஷா வருஷம் ஆகுதே."

"தானா எங்கய்யா ஆகுது? இந்த வருஷம் எனக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. நீதான் பாத்துக்கணும். எப்படின்னு என்கிட்ட கேக்காத. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஊரே குளத்துப் பக்கம் போயிருக்கும். அவ்வளவுதான் சொல்வேன்."

மேயரின் முதுகுக்கும் மரத்தின் பச்சைக்கும் என்ன சம்பந்தம் என்று ரெய்னோவுக்கு விளங்கவில்லை. வலி தலைக்கு ஏறிவிட்டது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அடுத்து அவர் சொன்னது நன்றாகவே விளங்கியது. மரம் பச்சையாகாவிட்டால் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அவன் மறுபடியும் மர ஆலையில் நிற்க வேண்டும்.

ஆலை என்றால் ரெய்னோவுக்குப் போதும் போதுமென்றாகியிருந்தது. பதினான்கு வருஷம் அங்கே ஓடுகிற சங்கிலிமேல் வருகிற ஈரப் பலகைகளை இழுத்து அடுக்கியவன். ஐந்து மாதம் முன்புதான் மேயருக்குச் சொந்தமான 'கெட்டில் க்ரீக் செய்தி' வாரப் பத்திரிகையில் ஆசிரியரானான். நிருபரும் அவனே, அச்சுக் கோப்பவனும் அவனே, வெள்ளிக்கிழமை தோறும் வீடு வீடாகப் போடுகிறவனும் அவனே. யார் வீட்டுக்கு யார் விருந்தாளியாக வந்தார், யார் பசு கன்று போட்டது என்று எழுதுவதில் அவன் கண்ட சுகத்தை அமெரிக்க ஜனாதிபதிகூடக் கண்டிருக்க மாட்டார்.

அந்தச் சுகத்துக்குப் போன மாதம்தான் கண்பட்டது. தேவாலயத்து அவரைப்பருப்பு விருந்துக்கு, நடக்கிற இடம் என்று தவறுதலாக மேயரின் வீட்டு விலாசத்தை அச்சடித்துவிட்டான். சனிக்கிழமை சாயங்காலம். கெட்டில் க்ரீக்கில் பாதிப் பேர் ஃபின்லாந்துக்காரர்கள். சனிக்கிழமை சாயங்காலம் சவுனாவில் வியர்த்துக் குளிக்காதவன் அவர்கள் கணக்கில் மனிதனே இல்லை. மேயரும் வழக்கம்போல் கொல்லைப்புறத்துச் சவுனாவிலிருந்து பிறந்த மேனியாக, ஆவி பறக்க வெளியே வந்தார். வாசலில் நாற்பது பேர் அவரைப்பருப்புப் பானைகளோடு நின்றிருந்தார்கள். போதகர் மட்டும் நிதானமாக, இதுதானா விருந்து நடக்கிற இடம் என்று கேட்டாராம்.

ஆக, இன்னொரு தப்புக்கு இடமில்லை.

மார்த்தா மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐம்பது வருஷம் முன்பு ஊரை உண்டாக்கியவர்கள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லா மரத்தையும் வெட்டித் தள்ளிவிட்டுத்தான் தங்கள் வீடுகளைக் கட்டினார்கள். அதில் ஒருத்தரின் மனைவி மார்த்தா மனசு கேட்காமல் டவுன்ஹால் முன்னால் ஒரே ஒரு ஊசியிலைக் கன்றை நட்டாள். இன்றைக்கும் ஊருக்குள் இருக்கிற ஒரே மரம் அதுதான். ஒவ்வொரு நவம்பரிலும் அது துருப்பிடித்த நிறமாகிவிடும். மார்த்தா இறந்தது நவம்பரில் என்பதால் மரம் துக்கம் காக்கிறது என்பார்கள். மே மாதத் திருவிழாவுக்குள் பச்சைப் பசேலென்று தழைத்துவிடும்.

அந்த ஜாதி மரம் எந்தக் காட்டிலும் இப்படிச் செய்வதில்லை; வருஷம் பூராவும் பச்சைதான். ஆனால் எங்கள் ஊரில் மரத்தை யாரும் அப்படியெல்லாம் உற்றுப் பார்ப்பது கிடையாது. எத்தனை பலகை தேறும் என்று பார்ப்பதோடு சரி. திருவிழாவன்று மரத்தின் உயரத்தை அளந்து பத்திரிகையில் போடுவது வழக்கம். ஒரு வருஷம் முப்பதடி இருந்தது மறு வருஷம் இருபத்தேழாகிவிட்டது. வெயிலில் சுருங்கியிருக்கலாம் என்று பழைய ஆசிரியர் எழுதினார், ஊரும் தலையாட்டியது.

மார்த்தாவின் மகள் ஹில்யாவும் உண்டு. முன்னாள் போஸ்ட்மாஸ்டர், அறுபத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தபாலாபீசுக்கு மாடியில் குடியிருப்பு. ஊருக்கே அவள் அத்தை. திருவிழாவில் மேயர் பேசத் தொடங்கியதும் எழுந்துபோய் மரத்தைக் கட்டிக்கொள்வாள். கண்ணை மூடிக்கொண்டு, பிரார்த்தனை முடிகிற வரை விடமாட்டாள். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து மூக்கைச் சிந்துவார்கள். ரெய்னோவும் சிந்தியிருக்கிறான். ஆலை போகட்டும், இந்த அத்தையின் மனசு உடைந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவனை இன்னும் வாட்டியது.

செவ்வாய்க்கிழமை அவன் மரத்துக்கு வைத்தியத்தைத் தொடங்கினான். சால்மன் மீனின் தலையும் குடலும் வேருக்குப் போட்டால் பட்டமரமும் துளிர்க்கும் என்று எங்கோ படித்திருந்தான். நான்கு வாளி வாங்கி வந்து மரத்தைச் சுற்றிப் புதைத்தான். மண் ஆச்சரியமாக இளகிக் கொடுத்தது. நல்ல சகுனம் என்று சந்தோஷப்பட்டான்.

மீன் இருக்கிற சேதி புதன்கிழமை விடியும்முன் ஊர் நாய்களுக்குத் தெரிந்துவிட்டது. பதினேழு நாய்கள் வந்து தோண்டின. பதினெட்டாவதாக வந்தது கரடி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, டவுன்ஹால் பெஞ்சில் ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டுத்தான் அது போனது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, மரத்தைச் சுற்றி இப்போது முழங்கால் ஆழத்துக்குக் குழிகள். நாற்றமோ நாலு தெருவுக்கு. யாராவது விழுந்து காலை ஒடித்துக்கொண்டால் அதையும் அவனே செய்தியாக எழுத வேண்டியிருக்கும்.

அவன் மனைவியின் அண்ணன் அர்வோ மரம் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறவன். லாரியில் பளிச்சென்ற ஆரஞ்சு ரிப்பன் சுருள் ஒன்று கிடந்ததை ரெய்னோ பார்த்திருக்கிறான். அதைக் கேட்காமலே எடுத்து வந்து, மரத்தைச் சுற்றி இரண்டு சுற்று, அங்கிருந்து கொடிக்கம்பத்துக்கு ஒரு இழுப்பு, கம்பத்தில் இரண்டு சுற்று என்று வேலி கட்டினான். தூரத்தில் நின்று பார்த்தபோது விழாக் களை கட்டிவிட்டது என்றே தோன்றியது. நிம்மதியாகத் தூங்கினான்.

வியாழக்கிழமை காலை பத்திரிகை ஆபீசுக்குள் சாலோ சகோதரர்கள் இரண்டு பேரும் நுழைந்தார்கள். காட்டில் மரம் வெட்டுகிறவர்கள். தலைமுடியெல்லாம் மரத்தூள்.

"பேப்பர்ல போடற மாதிரி ஒரு செய்தி இருக்கு," என்றான் பெரியவன். "டவுன்ஹால் முன்னாடி ரெண்டு மரம் வெட்டினோம். ஆறே நிமிஷம். ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையல."

ரெய்னோவின் கையிலிருந்த எழுத்துத் தட்டு கீழே விழுந்து இருபத்தாறு எழுத்துகளும் தரையெல்லாம் ஓடின. "என்னது, வெட்டினீங்களா?"

"ரிப்பன் கட்டியிருந்துச்சே."

"ரிப்பன் கட்டினா?"

சகோதரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து வயசுக் குழந்தைக்குத் தெரிந்ததைப் பத்திரிகை ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்கிற சங்கடம் அவர்கள் முகத்தில் தெரிந்தது. பலகையோடே காலம் தள்ளியவனுக்குக் காட்டுப் பாஷை எப்படித் தெரியும்? அங்கே வெட்ட வேண்டிய மரத்துக்குத்தான் ஆரஞ்சு ரிப்பன். கட்டியவன் யார், காரணம் என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பவன் வேலைக்கு ஆகமாட்டான். பார்த்தால் வெட்டணும், அவ்வளவே.

"ரெண்டு மரம்னு சொன்னீங்களே," என்றான் ரெய்னோ, ஈனசுரத்தில். "அங்க இருந்தது ஒண்ணுதானே?"

"இன்னொண்ணு வழவழன்னு இருந்துச்சு. யாரோ கிளையெல்லாம் சீவி, வெள்ளை பெயின்ட்கூட அடிச்சு வெச்சிருந்தாங்க," என்றான் சின்னவன். "உச்சில கொடி இருந்துச்சு. அதைப் பத்திரமா மடிச்சு வெச்சிருக்கோம்."

ஓடிப்போய்ப் பார்த்தான். தொழில் சுத்தத்துக்குக் குறைவில்லை. மார்த்தா மரத்தையும் கொடிக்கம்பத்தையும் ஒரே அளவுத் துண்டுகளாக அறுத்து, சாலையோரம் அடுக்கி, லாரி வந்தால் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி என்று வைத்திருந்தார்கள்.

ரெய்னோ அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதான். பிறகு துண்டுகளை டவுன்ஹால் கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, அடிக்கட்டையைச் சுற்றி விழாப் பந்தல் துணியை இழுத்துக் கட்டினான். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், மரம் பச்சையாகிக்கொண்டிருக்கிறது, சனிக்கிழமைதான் பார்க்கலாம் என்றான். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நல்ல ஜனங்கள் என்று அவனுக்கு நெஞ்சு நெகிழ்ந்தது.

அர்வோவிடம் சொன்னபோது அவன் லாரியின் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். சிரித்து முடித்ததும் கேட்டான்: "எத்தனை அடி வேணும் மாப்ள?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆலைக் குளத்தில் கட்டை உருட்டும் போட்டி. மிதக்கிற கட்டைமேல் நின்று ஒருவரையொருவர் தண்ணீரில் தள்ளுவதைப் பார்க்க ஊரே போய்விட்டது. அப்போதுதான் அர்வோ தன் லாரியில் முப்பத்து மூன்றடிப் பச்சை மரம் ஒன்றைக் காட்டிலிருந்து கொண்டுவந்தான். அடிக்கட்டைக்குச் சங்கிலி போட்டு இழுத்தார்கள். ஐம்பது வருஷத்து வேர் சாமானியத்தில் வருமா என்று ரெய்னோ தெய்வத்தையெல்லாம் வேண்டிக்கொண்டான். அடிக்கட்டையோ பால்பல் மாதிரி பொசுக்கென்று வந்துவிட்டது.

"வேர் எங்க மச்சான்?" என்றான் ரெய்னோ.

"என் லாரி இழுத்த இழுப்புல உள்ளேயே அறுந்திருக்கும்," என்றான் அர்வோ பெருமையாக. புது வண்டி.

குழிக்குள் ஆப்பு வைப்பதற்கென்றே செய்ததுபோல் தட்டைக் கற்கள் வேறு நிறையக் கிடந்தன. மரத்தைக் குழியில் இறக்கி, கற்களைச் செருகி, சேற்றைக் குழைத்து அப்பினார்கள். எதிரே தபாலாபீஸ் மாடி ஜன்னலில் ஹில்யா அத்தை பின்னிக்கொண்டிருந்தாள். ரெய்னோவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள் இவர்கள் பக்கம் பார்க்கக்கூட இல்லை. எழுந்து திரையை இழுத்து மூடிவிட்டாள். தூசி ஒத்துக்கொள்ளாது போலும்.

மிச்சமிருந்தது கொடி. கம்பம் இல்லாமல் கொடி ஏற்றுவது எப்படி? மரத்தின் உச்சியிலேயே கட்டிவிட்டால் ஆயிற்று என்றான் ரெய்னோ. ஐந்து நாளில் அவனுக்குத் தோன்றிய யோசனைகளிலேயே இதுதான் சிறந்தது என்று அவனே மெச்சிக்கொண்டான்.

சனிக்கிழமை மேயரை நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். பந்தல் துணி விலகியது. மரம் பச்சைப் பசேலென்று நின்றது. ஜனங்கள் கை தட்டினார்கள். அளந்தவர், போன வருஷத்தைவிட ஆறடி வளர்ந்திருக்கிறது என்று அறிவித்தபோது மேயர் ரெய்னோவைப் பார்த்த பார்வையில் மெச்சுதலும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

"கொடிக்கம்பம் எங்கய்யா?" என்றார் பல்லைக் கடித்து.

"அதுவும் ஒரு மரம்தானே சார்," என்றான் ரெய்னோ.

நல்லவேளையாகப் பேச்சைத் தொடங்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. கூடவே காற்றும் வந்தது. மலையிலிருந்து இறங்கிய காற்றில் கொடி விரிந்து படபடத்தது. மரம் மெதுவாக, கூட்டத்துக்கு வணக்கம் சொல்கிற மாதிரி, மேயரின் பக்கம் சாயத் தொடங்கியது. மேயர் ஊரின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தார். ரெய்னோ மரத்தின் சாய்வையும் மேயரின் தலையையும் மாறி மாறிப் பார்த்தான். திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஆலைச் சங்கு ஊதுவது அவன் காதில் இப்போதே கேட்டது.

அப்போது ஹில்யா அத்தை எழுந்தாள். வருஷா வருஷம் போவது போலவே மெல்ல நடந்துபோய், மரத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தைப் பட்டையில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். மரம் நிமிர்ந்தது.

மேயர் நாற்பது நிமிஷம் பேசினார். போதகர் அதற்குமேல் இருபது நிமிஷம் கடவுளிடம் பேசினார். அத்தை விடவில்லை. அவள் நெற்றியில் வியர்வை வழிந்தது; உதடுகள் இறுகியிருந்தன. தாய்ப்பாசம் என்றால் இதுதான் என்று வெளியூர்க்காரர்கள் விசும்பினார்கள். ரெய்னோவால் தாங்க முடியவில்லை. நேற்றுக் காட்டில் வெட்டின ஏதோ ஒரு மரத்தை, பெற்ற தாய் நட்டதாக நம்பி அணைத்துக்கொண்டு நிற்கிறாளே. அவனை அவனுக்கே பிடிக்கவில்லை. ஆலைக்குப் போனாலும் போகட்டும், இவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான்.

ஆமென் சொன்னதும் கூட்டம் காபிக்கும் பணியாரத்துக்கும் ஓடியது. ரெய்னோ தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அத்தையிடம் போனான்.

"அத்தை, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என்னை மன்னிச்சிடுங்க. இந்த மரம்..." என்று தொடங்கினான்.

அத்தை ஒரு கையால் மரத்தைப் பிடித்தபடியே செருப்புக் குதிகாலால் ஒரு கல்லைத் தேடி, ஓங்கி ஓர் உதை விட்டு ஆப்பாக இறக்கினாள். மரம் அசையாமல் நின்றது. பிறகுதான் கையை எடுத்துத் தோளைப் பிசைந்துகொண்டாள்.

"மரம் நல்லாத்தான் இருக்கு, மேயர் வெக்கறதைவிடத் தேவல," என்றாள். "ஆனா அடுத்த வருஷம் கொடியை மட்டும் இதுல கட்டித் தொலைக்காதே ரெய்னோ, இருபத்திரண்டு வருஷமா வெறும் மரத்தைத்தான் தாங்கிப் புடிச்சுப் பழக்கம், காத்தையும் சேத்துத் தாங்க என்னால ஆகாது."