விசில் அடித்தும் நகராத சைக்கிள்

எனக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விளையாட்டு, நகராமல் இருப்பது. பள்ளி விளையாட்டு விழாவில் மூன்று வருடம் தொடர்ந்து ‘ஸ்லோ சைக்கிள் ரேஸ்’ முதல் பரிசு எனக்குத்தான். காலை ஊன்றாமல், இருப்பதிலேயே மெதுவாக ஓட்டி, யார் கடைசியாகப் போய்ச் சேருகிறாரோ அவரே ஜெயித்தவர். சோம்பேறிகளுக்கென்றே ஆண்டவன் கொடுத்த போட்டி.

நான் ப்ளஸ் ஒன் வந்தபோது, புதிதாகச் சேர்ந்த பி.டி. மிஸ் என் சான்றிதழ்களைப் புரட்டினார். ‘சைக்கிள் ரேஸ் – முதலிடம்’ என்றுதான் அவற்றில் இருந்தது (எழுதிய புண்ணியவான் ‘ஸ்லோ’வை விழுங்கிவிட்டார்).

“நஸீமா, ஜூனியர் கேர்ள்ஸ் சைக்கிள் ரேஸ் வருது. உன் பேரைக் கொடுத்துட்டேன்” என்றார்.

சைக்கிள் ரேஸ் என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சந்தோஷமாகத் தலையாட்டினேன்.

மூன்று வாரம் மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவில் கடும் பயிற்சி. காய்கறி வண்டிக்காரர் என்னை இரண்டு முறை முந்திப் போனார். அந்த அளவுக்குத் தேறியிருந்தேன். அத்தா இதையெல்லாம் பார்த்ததில்லை. கிழக்குத் தாம்பரத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். அசல் வியாபாரமே ஞாயிற்றுக்கிழமைதான். அப்படிப்பட்டவர் ரேஸ் நடந்த ஞாயிறு கடைக்கு லீவு விட்டார்.

“எம் பொண்ணு சாம்பியன். கடை எங்க ஓடிடப் போவுது?” என்று அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரில் என் பின்னாலேயே வந்தார்.

வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை. ஹெல்மெட் போட்ட பதினொரு பெண்கள். அவர்கள் ஹேண்டில்பார் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்திருந்தது. என் சைக்கிளில் கூடையும் மணியும். இவ்வளவு ஒல்லி டயரை வைத்துக்கொண்டு எப்படி மெதுவாக ஓட்டப் போகிறார்கள் என்று அவர்கள்மேல் எனக்குப் பரிதாபம் வேறு.

பக்கத்தில் நின்றவளிடம், “முடியற கோடு எங்கப்பா?” என்றேன்.

“கேளம்பாக்கம்கிட்ட. பதினாறு கிலோமீட்டர்.”

“அவ்ளோ தூரமும் மெதுவாவே போகணுமா?”

அவள் தன் சைக்கிளைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு உறைப்பதற்குள் விசில் அடித்துவிட்டார்கள். உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. இரண்டு பிரேக்கும் இறுக, ஹேண்டில்பார் லேசாகத் திரும்ப, காலை ஊன்றாமல் அப்படியே நின்றேன். பதினொரு பேரும் பறந்துவிட்டார்கள். என் வாழ்நாளின் மிகச் சிறந்த பேலன்ஸ் அது. பாராட்டத்தான் ஆளில்லை.

“ஏம்மா, இன்னா பண்ணிகினு கீறே? போம்மா!” என்று விசில்காரர் கத்தினார்.

பின்னால் கேட்டுக்கொண்டிருந்த அத்தாவின் கைதட்டல் நின்றுபோனது. மிதித்தேன்.

கடைசி ஆளுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் வர வேண்டுமாம். அதற்குப் பின்னால் அத்தாவின் ஸ்கூட்டர். பாதி வழியில் ஆம்புலன்ஸ் டிரைவர் தலையை நீட்டினார்.

“இன்னா பாப்பா, ஏறிக்கிறியா? நீ போய்ச் சேந்தாத்தான் நாங்க வூட்டுக்குப் போவ முடியும்.”

ஏறிவிட ஆசைதான். ஆனால் கடையை மூடிவிட்டு வந்தவருக்கு என்ன பதில் சொல்வது? அழுதுகொண்டே மிதித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பரிசெல்லாம் கொடுத்து முடித்து, நாற்காலிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அத்தா ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நானே கொட்டிவிட்டேன்.

“அத்தா, எனக்கு மெதுவா ஓட்டத்தான் தெரியும். நான் ஜெயிச்சதெல்லாம் ஸ்லோ ரேஸ். அதுல கடைசியா வர்றவங்கதான் ஃபர்ஸ்ட்.”

அவர் திரும்பிச் சாலையைப் பார்த்தார். ஆம்புலன்ஸைப் பார்த்தார்.

“உனக்குப் பின்னாடி யாரும் வரலியே?”

“இல்லத்தா.”

“அப்ப இன்னைக்கும் நீதாம்மா ஃபர்ஸ்ட்!”

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவர், நிற்க முடியாமல் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவ்வளவு நிம்மதியாக நான் அதற்கு முன் அழுததே இல்லை. மறுநாள் பி.டி. மிஸ் என் பெயரை எல்லாப் பட்டியலிலிருந்தும் அடித்துவிட்டார் என்பது கூடுதல் நிம்மதி.

என் நிக்காஹ் அன்று மாப்பிள்ளை வீட்டார் வேன் கூடுவாஞ்சேரி நெரிசலில் மாட்டி இரண்டு மணி நேரம் தாமதம். பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது, சொந்தக்காரர்கள் முகம் கடுகடுவென்று இருந்தது. அத்தா மட்டும் மாலையோடு வாசலுக்கு ஓடி, “வாங்க மாப்பிள்ளை, ஃபர்ஸ்ட் ப்ரைஸ் உங்களுக்குத்தான்!” என்றார். உள்ளே மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த நான், கூரை அதிரச் சிரித்துவிட்டேன்.

மாப்பிள்ளை வந்ததில் பெண்ணுக்கு அவ்வளவு சந்தோஷமாம். என் மாமியார் வீட்டில் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.