சத்தம் போடாத மிக்ஸி

மூன்றாவது தடவையாக ரிப்பேர் பார்த்து வந்த மிக்ஸியைச் சரோஜம்மா போட்டதும், பக்கத்து லைன் வீட்டு ஈவ்லின் சுவரைத் தட்டினாள். தேங்காய்ச் சட்னிக்கே இந்தக் கதி. இட்லிப் பொடி அரைத்தால் அடுத்த ஊரான பங்காருபேட்டை வரைக்கும் எழுந்து உட்கார்ந்துவிடும்.

எல்லாம் அவள் புருஷன் நாகேஷின் வேலை. புதுசு வாங்கலாம் என்று சொன்னால் போதும், பழசைப் பையில் போட்டுக்கொண்டு பஜாரில் மிக்ஸி ரிப்பேர் பார்க்கும் டென்னிஸின் கடைக்குக் கிளம்பிவிடுவார். ஒவ்வொரு தடவையும் போனதைவிட அதிகச் சத்தத்தோடுதான் அது திரும்பி வந்தது.

"இன்னாங்க, இதுக்குப் பேரு ரிப்பேரா?"

நாகேஷ் அவள் முகத்தைப் பார்த்தார். சட்னியை ஒரு விரலில் தொட்டு நக்கினார்.

"நல்லாத்தான் அரைக்குது," என்றார்.

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் இருபத்தைந்து வருஷம் பாறையில் டிரில் போட்ட மனுஷன். அவருக்கு இதெல்லாம் ஒரு சத்தமா என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

சமாதானம் ஆகாத விஷயம் வேறு இருந்தது. போன தீபாவளிக்கு முந்தின நாள் சமையலறையில் தலைசுற்றி விழுந்தாள். நாலு தடவை கூப்பிட்டாள். முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் அசையவில்லை. ஏதோ கடன் கேட்க வந்த ஈவ்லின்தான் தூக்கி உட்கார வைத்து அவரிடம் போய்ச் சொன்னாள். அதைப் பற்றி அவள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் மனசில் ஆறவும் இல்லை.

பெங்களூரில் இருக்கும் மகள் ஷில்பாவிடம் போனில் முறையிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரயிலில் ஷில்பா புது மிக்ஸியோடு வந்து இறங்கினாள். அது ஓடுகிறதா இல்லையா என்று எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவு சாது.

கெட்டுப்போனது நாகேஷ்தான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"இன்னா வேணும்?"

"ஒண்ணுமில்ல."

டீ கொடுத்தால் குடித்தார். மறுபடி வந்தார். ஒரு காலையில் நாலு டீ. வழக்கமாகச் சீட்டாடப் போகிறவர் அதற்கும் போகவில்லை. பழைய மிக்ஸி போன துக்கம் உங்கப்பாவுக்கு இன்னும் தீரவில்லை என்று சரோஜம்மா மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

நாலாம் நாள் அவள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்து மசாலா அரைக்கப் போனாள். புது மிக்ஸி லாரி மாதிரி உறுமியது. ஈவ்லின் சுவரைத் தட்டினாள்.

சரோஜம்மா மிக்ஸியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக டென்னிஸ் கடையில் போய் இறக்கினாள்.

"பழசைத்தான் மூணு வாட்டி கெடுத்தே. நாலு நாள் ஆன புது மிக்ஸி, இது உன்னை இன்னா பண்ணுச்சு? தொழில் தெரியலைன்னா கடையை மூடிட்டுப் போ."

டென்னிஸ் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான்.

"நான் கெடுக்கலக்கா, அடி ரப்பரைக் கழட்டி சத்தம் ஏத்திக் குடுக்கச் சொன்னதே அண்ணன்தான், 'எனக்குக் காது வரவர அவிஞ்சுக்கினே போவுது டென்னிஸு, தீபாவளியப்ப அவ விழுந்து கூப்பிட்டதே எனக்குக் கேக்கல, இனிமே அவ உள்ள நின்னுக்கினு இருக்கான்னாச்சும் எனக்குத் தெரியணும்'னு சொல்லி அழுதாரு."