உடற்பயிற்சி செய்து பருத்துப்போன அத்தான் எழுதுவது

சுங்குவார்சத்திரம்,
ஞாயிற்றுக்கிழமை.

சுரண்டையில் உடற்பயிற்சிக் கூடம் நடத்தி, ஊரில் உள்ள தொப்பைகளை எல்லாம் ஒழித்துவிட்டுத்தான் ஓய்வேன் என்று திரியும் என் மைத்துனன் சிரஞ்சீவி மணிகண்டபிரபுவுக்கு, உன் அக்காளைக் கட்டிக்கொண்ட ஒரே குற்றத்துக்காக உன் அறிவுரைகளை எல்லாம் சுமக்கும் அத்தான் இசக்கியப்பன் ஆசி கூறி எழுதுவது.

இங்கே உன் அக்காள் நாச்சியார் சுகம். நானும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. அப்படி எழுதலாம் என்று குனிந்து உட்கார்ந்தேன், சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து அடுப்படிப் பக்கம் ஓடிவிட்டது. ஆகவே என் சுகத்தை விட்டுவிடு. மாமாவும் அத்தையும் அங்கே நல்லபடியாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. உன் புஜத்தைத்தான் தினமும் காலையில் ஸ்டேட்டஸில் பார்க்கிறேனே.

இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். சொல்லவா விட்டாய்? கூப்பிட்டால் ‘கிளைன்ட் நிக்காவ அத்தான், பெறகு பேசுதேன்’ என்கிறாய், பிறகு ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. கட்டைவிரலிடம் ஒரு மனுஷன் எவ்வளவு நேரம் நியாயம் கேட்பது? கடிதம் என்றால் பாதியில் வெட்ட முடியாது. அதுவும் மாமா கையில் கிடைத்தால் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவுக்கே கேட்கும்படி படிப்பார். அதற்காகவே உறையின் மேல் அவர் பெயரையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். தெரிந்துதான், ‘எங்க அத்தானுக்கு உக்கார்றதுக்குச் சம்பளம்’ என்று கல்யாண வீட்டில் எல்லாம் சொல்லிச் சிரிக்கிறாய். சிரி. ஒரகடத்தில் லாரிக்கு சீட் செய்யும் கம்பெனியில், லைனில் முடிந்து வரும் சீட்டில் ஏறி உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, முதுகைச் சாய்த்து, எங்கேயாவது ‘கிரீச்’ என்று கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அதற்கு எழுபது கிலோ ஆள்தான் வேண்டும். ஓட்டுநர் எழுபது கிலோ இருப்பார் என்று வண்டிக்கார கம்பெனி கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. உன் அக்காளைக் கட்டின நாளிலிருந்து ஒரு பொட்டுக்கூட ஏறாமல் இறங்காமல் அந்த எழுபதிலேயே நின்ற ஆள் நான். அதனால்தான் சீட்டுக்கு உறை மாட்டுகிற லைனில் தோலை இழுத்து இழுத்து மணிக்கட்டு வீங்கிக் கிடந்தவனைக் கூப்பிட்டு அந்த சீட்டில் உட்கார வைத்தார்கள். மாதாமாதம் ஸ்டோர்ஸில் பஞ்சு மூட்டை நிறுக்கும் மெஷினில் என்னை ஏற்றிப் பார்ப்பது விதி. கொஞ்ச காலத்தில் அதையும் விட்டுவிட்டார்கள். ‘இசக்கியண்ணன் எடையா? அது மாறாது’ என்று நான் ஏறாமலே எழுபது என்று குறித்துக்கொண்டார்கள். அப்பேர்ப்பட்ட பேர் எனக்கு.

அந்தப் பேரில்தான் நீ மண் அள்ளிப் போட்டாய். அம்மன் கோவில் கொடைக்கு ஊருக்கு வந்த இடத்தில், சாமி கும்பிட்டோமா, சோறு சாப்பிட்டோமா என்று இருந்தவனை மடக்கி, ‘நாள் பூரா உக்காந்தே இருக்கியளே அத்தான், ஒடம்பு என்னத்துக்கு ஆவும்? காலைல எந்திச்சு எக்சர்சைஸ் பண்ணுங்க’ என்று உன் அக்காள் காதில் விழும்படி சொன்னாய். என் காதோடு சொல்லியிருந்தால் அது அங்கேயே செத்திருக்கும். அவள் காதில் விழுந்ததால் ஊர் திரும்பிய மறுநாளே பாய் விரித்து, போனைச் சுவரில் சாய்த்து, உன் வீடியோவைப் போட்டுவிட்டு, கரண்டியோடு பக்கத்தில் நின்றாள். நீ குதிக்கச் சொன்னாய், குதித்தேன். கீழ் வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனர் சாலமோன் படியேறி வந்துவிட்டார். ‘இன்னா ப்ரதர், மேல இன்னா ஆவுது? என் வூட்டு ஃபேனு ஆடுது. குதிக்கிறதா இருந்தா கிரவுண்டுக்குப் போ. இல்லாங்காட்டி என் கூட ஏரிக்கரைக்கு வா, நானும் சுகருக்கு நடந்துகினுதான் கீறேன்’ என்றார். வீட்டைக் காலி செய்வதைவிட நடப்பது மேல் என்று அவரோடு கிளம்பினேன்.

ஏரிக்கரை வரை ஒழுங்காகத்தான் நடப்போம். திரும்பும்போது கடைத்தெரு வழியாகத்தான் வர வேண்டும், வேறு வழி கிடையாது. அங்கே சாலமோனுக்கு ஒரு வடைக்கடை. ‘இவ்ளோ தூரம் நடந்துட்டு வெறும் வயித்தோட வூட்டுக்குப் போனா மயக்கம் வந்துடும் ப்ரதர், வட சூடா கீது பாரு’ என்பார். சுகர்காரர், தனக்குச் சர்க்கரை இல்லாமல் ஒரு டீ சொல்லிவிட்டு, தன் பங்கு வடையையும் என் தட்டில் தள்ளி, நான் தின்பதைக் கண்ணால் பார்த்துத் திருப்தி அடைகிற ஜாதி. அதைத் தாண்டினால் நம்ம கடையநல்லூர் முப்பிடாதியின் பரோட்டாக் கடை. உழைத்துப் பிழைக்க இத்தனை தூரம் வந்த இடத்தில், ‘அண்ணாச்சி, நம்மூர்க்காரன் கடையத் தாண்டிப் போறியளே, பெரிய ஆளாயிட்டியளோ?’ என்று ஒருவன் கேட்டால் என்ன செய்யச் சொல்கிறாய்? அதுவரை இந்தக் கடைகளைக் கம்பெனி பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறேன். நீ நடக்கச் சொன்னாய், அதனால் உள்ளே போக வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்தால் உன் அக்காள். ‘ஓடுத ஒடம்பு வத்திப் போவும்லா?’ என்று உளுந்தங்களி கிண்ட ஆரம்பித்துவிட்டாள். கருப்பட்டி போட்டு, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெயைக் குளம் மாதிரி ஊற்றி. மாப்ளே, வயசுக்கு வந்த பிள்ளைக்கு இடுப்பு வலுக்கக் கொடுக்கிற சாமான் அது. நாற்பத்தைந்து வயசில், பேண்ட் போட்டுக்கொண்டு, ஷிஃப்டுக்குக் கிளம்புகிற அவசரத்தில், தரையில் சம்மணம் போட்டு நான் அதைத் தின்றேன். அதற்கு மேல் நீ அனுப்பிய புரோட்டீன் மாவு டப்பா. அது தண்ணீரில் சுண்ணாம்பு மாதிரி இருந்தது, பாலில் கருப்பட்டி போட்டுக் கலக்கிய பிறகு பரவாயில்லை. சுண்டல் சாப்பிடுங்க என்றாய், சாப்பிட்டேன். சோற்றுக்குப் பதிலாக என்று நீ சொல்லவில்லை. சொன்னேன் என்று இப்போது சாதிக்காதே.

போன வாரம் வினை வந்தது. முதல் சீட்டில் உட்கார்ந்தேன், கிரீச். கையைத் தூக்கினேன். அடுத்தது, கிரீச். அதற்கடுத்தது, உட்காரும் முன்னே முனகியது. லைனை நிறுத்திவிட்டார்கள். வெல்டிங்காரனைக் கூப்பிட்டுத் திட்டினார்கள், அவன் போல்ட்காரனைக் கைகாட்டினான், போல்ட்காரன் பஞ்சு சரியில்லை என்றான், பஞ்சு சப்ளையர் படப்பையிலிருந்து பைக்கில் பறந்து வந்து அம்மா சத்தியம் பண்ணினான். அத்தனை பேரும் தரையில் மண்டி போட்டு டார்ச் அடித்துப் பார்க்க, நான் மேலே உட்கார்ந்து நீதிபதி மாதிரி, ‘கிரீச் வருது, கிரீச் வருது’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். குவாலிட்டி மேடம் கனிஷ்கா, படித்த பெண், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தது. பேக்கிங்கில் இருந்து எழுபது கிலோ அய்யாத்துரையைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னது. உட்கார்ந்தான். ஆடினான். சத்தமே இல்லை. மூன்று சீட்டிலும் இல்லை. அத்தனை பேரும் எழுந்து நின்று முழங்காலைத் தட்டிக்கொண்டே என் வயிற்றைப் பார்த்தார்கள். மெஷினில் ஏற்றினார்கள். எழுபத்தெட்டு.

அன்றைக்கு உனக்குப் போன் செய்தபோது நீ சொன்னது நினைவிருக்கிறதா? ‘அது கொழுப்பு இல்ல அத்தான், தசை. தசைதான் வெயிட்டு.’ அட மேதாவி! தசை என்றால் கையில் வரும், காலில் வரும். என் தசை மொத்தமும் பெல்ட்டுக்கு மேலே வந்து கூடியிருக்கிறதே, ஏதாவது மாநாடா? கண்ணாடி முன் நின்று உன் புஜத்துக்கு நீயே முத்தம் கொடுக்கிற படத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒரு வீட்டில் ஒருத்தனுக்குப் படிப்பு ஏறாவிட்டால் கடை வைத்துக் கொடுப்பார்கள், உனக்கு மாமா இரும்பு வாங்கிக் கொடுத்தார், அதை நீ தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைக்கிறாய். இது ஒரு தொழில், அதற்கு ஒரு குளிர்சாதன அறை.

சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: மாதம் முடிவதற்குள் எழுபதுக்கு வா, இல்லையென்றால் அய்யாத்துரை உட்காருவான், நீ உறை மாட்டப் போ. அவன் இப்போதே சாப்பாட்டு நேரத்தில் வந்து என் சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறான். கேலியை விடு, மாப்ளே. எனக்குப் பயமாக இருக்கிறது. அந்த லைனில் இருந்தபோது ராத்திரி டம்ளரைப் பிடிக்க முடியாமல் உன் அக்காள்தான் தண்ணீரை வாயில் ஊற்றுவாள். அவள் உங்கள் யாரிடமும் அதைச் சொன்னதில்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு மறுபடி தோல் இழுக்க என்னால் முடியாது. வேறு வேலை தேடுகிற வயசும் இல்லை. நன்றாக உட்கார்ந்திருந்தவனை எழுப்பி விட்டாயே, பாவி.

ஆகவே இன்றோடு முடிந்தது. இனி எனக்கு ஒரு வீடியோ வரக்கூடாது. பாயைச் சுருட்டி சாலமோனிடம் கொடுத்துவிட்டேன், அவர் அதில் மிளகாய் காயப் போட்டிருக்கிறார். மாவு டப்பாவில் உன் அக்காள் துவரம்பருப்பு போட்டு வைத்திருக்கிறாள். நாளையிலிருந்து நடை கிடையாது, பழையபடி பஸ்ஸும் ஒரு டீயும்தான். நீ இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வா, சோறு உண்டு, அறிவுரை சொல்ல வாயைத் திறந்தால் படி அந்தப் பக்கம் இருக்கிறது.

மாமா அத்தைக்கு என் வணக்கம். அம்மன் அருளால் உனக்குச் சீக்கிரம் கல்யாணம் நடந்து, உனக்கும் ஒரு மைத்துனன் வாய்க்கட்டும்.

இப்படிக்கு,
எழுபத்தெட்டு கிலோ எடையுள்ள உன் அத்தான்,
சு. இசக்கியப்பன்.

பி.கு.: ஒட்டிய உறையைச் செவ்வாய்க்கிழமை பிரித்து இதை எழுதுகிறேன். நேற்றுக் காலை கனிஷ்கா மேடம் கூப்பிட்டது. கணக்கை முடிக்கப் போகிறார்கள் என்று தலையைக் குனிந்துகொண்டு போனேன். புது லாரிக்கு ஆர்டர் வந்திருக்கிறதாம். இப்போதெல்லாம் டிரைவர்கள் உடம்பு போட்டுவிட்டார்களாம், அதனால் இனிமேல் எண்பது கிலோ ஆளை வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம். கம்பெனி முழுக்கத் தேடிவிட்டார்கள், எண்பதுக்குப் பக்கத்தில் என்னைத் தவிர ஒருவனும் இல்லை. அய்யாத்துரைக்கு இனி பேக்கிங்தான். ‘இன்னும் ரெண்டு கிலோ வேணுமே அண்ணே, மாசக் கடைசிக்குள்ள ஏத்திட முடியுமா?’ என்று மேடம் கேட்டது. ‘முடியும் மேடம், எனக்கு நல்ல கோச் ஒருத்தன் இருக்கான்’ என்று சொல்லிவிட்டேன். ஆகையால் மாப்ளே, அடுத்த கட்டப் பயிற்சி வீடியோவை இந்தக் கடிதம் கண்டதும் அனுப்பு. கொஞ்சம் கடுமையானதாகவே இருக்கட்டும்.