ரிசப்ஷனில் நான் வாசித்த மெட்ரோ ரயில்

தந்தி குறையக் குறைய வாத்தியம் சுலபமாகிவிடும் என்று நம்பிய ஒரே மனிதன் மயிலாப்பூரில் நானாகத்தான் இருப்பேன். ஆறு தந்தி கிடார் எனக்கு வாசிக்கத் தெரியும். (தெரியும் என்றால், வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு.) பாட்டுக்கு அடியில் கனத்த ஒலி கொடுக்கும் பாஸ் கிடாருக்கு நான்கே தந்திதான். ஆகவே மூன்றில் ஒரு பங்கு வேலை மிச்சம். என் கணக்கில் பிழை இல்லை. பிழை என்னிடம்தான் இருந்தது.

என் அக்கா வசுதா பாஸ் கிடார் வாசிப்பவள். வார நாட்களில் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுப்பாள். சனி, ஞாயிறு வந்தால் நண்பர்களோடு சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழுவில் வாசிப்பாள். மேடையில் அவளை யாரும் பார்க்க மாட்டார்கள். எல்லார் கண்ணும் பாடுகிறவர்கள் மேல்தான் இருக்கும். ஆனால் அவள் ஒரு கணம் நிறுத்திவிட்டால், மாடிப்படி இறங்கும்போது ஒரு படியைக் காணாததுபோலப் பாட்டு தடுமாறும். அவளுடைய ஒவ்வொரு ஸ்வரமும் கடைசி வரிசையில் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் வரைக்கும் தனித்தனியாகப் போய்ச் சேரும். அது எப்படி நடக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்தது கிடையாது. விரல் செய்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ரிசப்ஷன் கச்சேரி தங்கள் பரிசு என்று குழுவே சொல்லிவிட்டது. எல்லாம் சரி, பாஸ் வாசிப்பவள் கல்யாணப் பெண்ணாக நின்றுகொண்டிருப்பாளே, அவள் இடத்தில் யார்? வேறு குழுவிலிருந்து ஒருவரைக் கூப்பிடலாம் என்று அக்கா சொன்னாள்.

"எதுக்கு வெளி ஆளு? நான் இருக்கேனே" என்றேன்.

"நீ பாஸ் வாசிச்சிருக்கியாடா?"

"கிடார் கிடார்தானே அக்கா!"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டு, "சரி, வாசி" என்றாள். (கல்யாணக் களையில் அவளுக்குப் புத்தி கொஞ்சம் பிசகியிருந்த நேரம் என்பது குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் ரியாஸின் கருத்து.)

கோட்டூர்புரத்தில் ரியாஸ் வீட்டு மாடியில் ஒத்திகை நடந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும், பாட்டுகளை நான் ஒழுங்காகவே கற்றுக்கொண்டேன். அக்கா பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆம்ப்ளிஃபயரின் குமிழ்களைத் திருப்பி வைத்ததும், ஸ்பீக்கர் பெட்டியை அங்கே இங்கே நகர்த்தி வைத்ததும் அவள்தான். அந்த நேரத்தில் நான் ரியாஸின் அம்மா கொடுத்தனுப்பிய சமோசாவில் மும்முரமாக இருப்பேன்.

ரிசப்ஷன் அன்று சாயங்காலம், அலங்காரத்துக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"பெட்டியை மூலைல தள்ளிடாதே. குமிழெல்லாம் நடுவுல இருக்கட்டும். ரியாஸ் வந்தப்பறம் ஒரு தடவை எல்லாரும் சேர்ந்து வாசிச்சுப் பாருங்கோ."

"நான் பாத்துக்கறேன் அக்கா. நீ போய் மை இட்டுக்கோ."

மண்டபம் மயிலாப்பூரில் ஒரு குறுக்குத்தெருவில். மேடை முழுக்க மரப்பலகை, மேலே சிவப்புக் கம்பளம், அடியில் வெற்றிடம். நடுவில் மணமக்களுக்கு இரண்டு ராஜா நாற்காலிகள். ஒரு பக்கம் எங்கள் குழு. அரை ஃப்ரிட்ஜ் உயரத்துக்கு இருந்த ஸ்பீக்கர் பெட்டியை எங்கே வைப்பது? மேடையின் பின்மூலை ஒன்று காலியாக இருந்தது. பெட்டி அளவுக்கே செய்த இடம்போல இருந்தது. தள்ளிவிட்டேன். ஆம்ப்ளிஃபயரை அதன் தலையில் வைத்தேன். அதில் 'பாஸ்' என்று எழுதிய ஒரு குமிழ் இருந்தது. பாஸ் கிடாருக்கு 'பாஸ்' குமிழ்தானே முக்கியம்? கடைசிவரை திருப்பினேன். ஒரு தந்தியை மீட்டிப் பார்த்தேன். அடடா! தொப்புளில் போய் அதிர்ந்தது. யானை ஒன்று பக்கத்தில் வந்து பாசத்தோடு பெருமூச்சு விட்டதுபோல இருந்தது.

ரியாஸ் மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் ஆட்டோவோடு மாட்டிக்கொண்டான். அவன் வந்து சேர்ந்தபோது விருந்தினர்களும் வந்துவிட்டார்கள். ஒத்திகை பார்க்க நேரமில்லை. நேராகப் பாட்டுத்தான்.

முதல் பாட்டு ஆரம்பித்தது. யானை, கூட்டமாக வந்தது.

நான் எந்த ஸ்வரத்தை வாசித்தாலும் ஒரே "பூம்". அடுத்த ஸ்வரம் போவதற்குள் முந்தைய "பூம்" வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தது. வேடிக்கை என்னவென்றால், பெட்டிக்கு முன்னால் நின்ற எனக்கே நான் வாசிப்பது கேட்கவில்லை. காலில் மட்டும் அதிர்ந்தது. கேட்கவில்லை என்றால் என்ன செய்வோம்? சத்தத்தைக் கூட்டுவோம். கூட்டினேன். பெட்டியின் தலையில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. (கல்யாண வீட்டுக்கு ஏற்ற சீரியல் செட் என்று அதை ரசித்தேன்.)

ரியாஸ் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கத்தினான்.

"மச்சி, இன்னா வாசிக்கிற நீ? ஒண்ணும் புரியல!"

"சவுண்டு பத்தலையா?"

"பத்தலையாவா? என் டிரம்ஸு தானா நகர்ந்து போய்க்கினு கீதுடா!"

அவன் பேச்சில் பாதிதான் எனக்குக் கேட்டது. 'பத்தலை' மட்டும் தெளிவாகக் கேட்டது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

மேடை அலங்காரத்திலிருந்து சம்பங்கிப் பூக்கள் உதிரத் தொடங்கின. மாப்பிள்ளையின் தலையில் இரண்டு, அவர் கோட்டுப் பையில் ஒன்று. கீழே விருந்தினர்கள் ஒருவர் காதில் ஒருவர் வாய் வைத்துக் குசலம் விசாரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவான சம்பந்தி மாமா என் அம்மாவிடம் வந்து கவலையோடு கேட்டாராம்:

"இன்னிக்கு ஒரு நாளாவது மெட்ரோ வேலையை நிறுத்தச் சொல்லப்படாதோ? கட்டடமே ஆடறதே! யார்ட்ட சொல்லணும்?"

அம்மா கொஞ்சமும் யோசிக்காமல், "சொல்லிருக்கோம் மாமா. இப்ப நிறுத்திடுவா" என்றாளாம். தாய்ப்பாசம் என்றால் அது.

அக்கா என்ன செய்துகொண்டிருந்தாள்? மேடை நடுவில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்தது. கண் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வைக்கு முன்னால் அந்தச் சிவப்பு விளக்கெல்லாம் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது பாட்டின் பாதியில் அவள் கையிலிருந்த பூங்கொத்தை மாப்பிள்ளையிடம் கொடுத்து, "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்றாள். பட்டுப்புடவை சரசரக்க என்னிடம் வந்தாள். கிடாரை என் தோளிலிருந்து கழற்றித் தன் தோளில் மாட்டப் பார்த்தாள். கழுத்து நிறைய ரோஜா மாலை. சட்டென்று மாலையைக் கழற்றினாள். அதை வைக்க இடம் தேடினாள். கண்ணில் பட்ட ஒரே காலி இடம் என் கழுத்து. போட்டுவிட்டாள்.

"போய் அங்க நில்லு. வரவாளுக்கு வணக்கம் சொல்லு."

போய் நின்றேன். மாலையோடு, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில்.

அங்கிருந்துதான் அந்த அற்புதத்தைப் பார்த்தேன். அக்கா முந்தானையை இடுப்பில் செருகினாள். வளையல்கள் குலுங்க, பெட்டியை மூலையிலிருந்து முன்னால் இழுத்தாள். ரியாஸ் ஒரு கை கொடுத்தான்.

"மூலைல வெச்சா ரெண்டு சுவரும் சேர்ந்து முழங்குமேடா! அடில வேற வெத்துப் பலகை. மேடையே மத்தளமாயிடுத்து."

திரும்பி வந்து, தன் ராஜா நாற்காலியின் பஞ்சு மெத்தையை உருவினாள். ஒரு கணம் யோசித்து மாப்பிள்ளையையும் பார்த்தாள். அவர் மறு பேச்சில்லாமல் தன்னுடையதையும் உருவிக் கொடுத்தார். (அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போனது.) பெட்டியின் அடியில் ஒரு மெத்தையை விரித்து, இன்னொன்றை மடித்து முன்பக்கத்துக்கு முட்டுக்கொடுத்தாள். பெட்டியின் முகம் வாசிப்பவரின் தலையைப் பார்த்து நிமிர்ந்தது. என் பக்கம் திரும்பி, மேடைக்கே கேட்கும்படி ஒரு கேள்வி கேட்டாள்.

"உனக்குக் காது முழங்கால்லயா இருக்கு?"

பிறகு குமிழ்கள். நான் கடைசிவரை திருப்பியிருந்த 'பாஸ்' குமிழைப் பாதிக்கும் கீழே இறக்கினாள். நடுத்தர ஒலிக்கான குமிழைக் கொஞ்சம் ஏற்றினாள். நான் கூட்டிக்கொண்டே போன சத்தக் குமிழைச் சிவப்பு விளக்கு அணையும்வரை குறைத்தாள். தலையைச் சற்றே சாய்த்துக்கொண்டு ஒரே ஒரு தந்தியைத் தொட்டாள்.

"டும்."

அவ்வளவுதான். பூம் இல்லை, இரைச்சல் இல்லை. சுத்தமாகத் தொடங்கி, கனமாக நின்று, முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது. ஆச்சரியம், நான் வைத்திருந்ததைவிடச் சத்தம் குறைவு. ஆனால் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த ஸ்வரம், அதற்கடுத்தது, ஒவ்வொன்றும் தனித்தனியாக, வரிசையாக வந்தது. ரியாஸின் முகத்தில் வெளிச்சம் வந்தது. பாடுகிறவர் என்ன பாடுகிறார் என்பதே அப்போதுதான் சபைக்குப் புரிந்தது.

சோதித்துவிட்டுத் திரும்ப வந்திருக்கலாம். அவள் வரவில்லை. அடுத்த பாட்டு முழுவதையும் வாசித்தாள். நெற்றிச்சுட்டி ஆட, கண்ணை மூடிக்கொண்டு, தன் கல்யாண ரிசப்ஷனில் தானே வாசித்தாள். அக்காவைப் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன்.

"அப்பாடா, மெட்ரோ நின்னுடுத்து" என்றார் சம்பந்தி மாமா.

வரிசையில் காத்திருந்தவர்கள் நிற்கவில்லை. மேலே வந்துகொண்டே இருந்தார்கள். சம்பந்தி மாமாவின் பழைய ஆபீஸ் நண்பர் ஒருவர், தடித்த கண்ணாடிக்காரர், மூச்சிரைக்கப் படியேறி வந்தார். மாலையும் கழுத்துமாக நின்ற எங்கள் இருவர் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் ஒத்துமையா, சௌக்கியமா இருக்கணும்!"

ஆசீர்வாதம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்து என் மீசையைப் பார்த்தார்.

"பொண்ணு எங்கே?"

"அங்க பாஸ் வாசிச்சிண்டு இருக்கா மாமா" என்றார் மாப்பிள்ளை.

"அப்போ இவர்?"

"அவளுக்குப் பதிலா வாசிக்க வந்தவர். அது சரிப்பட்டு வரலை. அதனால அவளுக்குப் பதிலா நிக்கறார்."

புகைப்படக்காரர் எந்தத் தயக்கமும் இல்லாமல், "சார், கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றார். நின்றோம்.

பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அக்கா கிடாரை என்னிடம் தந்து, மாலையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"மிச்சத்தை நீ வாசி. குமிழைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்."

வாசித்தேன். இப்போது நான் வாசிப்பது எனக்குத் துல்லியமாகக் கேட்டது. தெளிவான ஒலியில் ஒரே ஒரு சங்கடம்தான் உண்டு: தப்பும் தெளிவாகக் கேட்கும். மண்டபத்துக்கும் கேட்டது. ஆனால் யாரும் கட்டடம் விழுமோ என்று பயப்படவில்லை. ஒவ்வொரு தப்புக்கும் மேடை நடுவிலிருந்து அக்கா புருவத்தை உயர்த்தினாள், அவ்வளவே.

அதற்குப் பிறகு நான் பாஸ் கிடாரை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். பெட்டியை எங்கே வைப்பது என்பதிலிருந்து ஆரம்பித்தோம். அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கித் திருவான்மியூரில் தங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார் மாப்பிள்ளை, அதாவது என் அத்திம்பேர். வருடா வருடம் அவர்களுடைய கல்யாண நாளன்று, காலையில் என் போன்தான் முதலில் அடிக்கும்.

"நம்ம கல்யாண நாள் வாழ்த்துகள்டா!" என்பார் அத்திம்பேர், குரல் தழுதழுக்க.

பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்கும்:

"ஒரு பாட்டு நேரம்தான் விட்டுக்கொடுத்தேன். ரெண்டு பேரும் ரொம்ப ஆடாதீங்கோ!"