மானுக்குக் கிடைக்காத சலுகை

வாய்க்கொழுப்பில் குறைவில்லாத அருமை மச்சான் டங்கனுக்கு, ஹூரான் ஏரிக்கரையிலிருந்து உன் அத்தான் மெர்வின் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அக்கா லோர்னாவும் நாயும் நலம். அங்கே நீயும் உன் கோதுமையும் சுகம்தானே? கோதுமை சுகமாக இருந்தால் போதும், உன்னைப் பற்றி எனக்குப் பெரிய கவலை கிடையாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கும்பிட்டு அனுப்பிவிட்டது உனக்குத் தெரியும். ஆகையால் பிழையைப் பார்க்காமல் விஷயத்தைப் பார்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வான்கோழித் தொடையைக் கடித்துக்கொண்டே நீ என்ன சொன்னாய்? "அக்கா அங்க என்ன பெருசா கிழிக்குது? காலண்டர்ல கட்டம் நிரப்புது, அதுக்கு ஒரு சம்பளம்" என்றாய். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு தொடையை உன் தட்டில் வைத்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது, தொடைக்காகவும் சேர்த்து. அந்தப் பேச்சை நீ திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கடிதம் அதற்குத்தான்.

அவள் வேலை பார்க்கிற அணுமின் நிலையத்தில் கதிர்வீச்சை மோப்பம் பிடிக்கிற கருவிகள் சுவரிலும் புகைபோக்கியிலும் வாசலிலும் இருக்கின்றன. எல்லாம் நம்ம நாய் மாதிரிதான். பார்த்தால் சும்மா படுத்துக் கிடப்பது போல இருக்கும், ஆனால் மூக்கு வேலை செய்கிறதா என்று தவணை தவறாமல் சோதிக்க வேண்டும். எதை எப்போது கழற்றுவது, அது கழன்று கிடக்கும்போது அதன் ஜோடி விழித்திருக்கிறதா, யாரை அனுப்புவது என்று எல்லா முடிச்சும் போடுகிறவள் உன் அக்கா. அதோடு விடமாட்டாள், வாசல் கருவியைக் கழற்றும் நாளில் பக்கத்திலேயே நிற்பாள். தவணை கொஞ்சம் தள்ளிப் போனால் குற்றமில்லை என்று விதியிலேயே சலுகை நாள் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதே இல்லை. "சலுகை ஆபத்துக்கு வெச்சது, சோம்பேறிக்கு இல்ல" என்பாள். வீட்டிலும் அதே கதைதான், நாய்க்கு ஊசி, என் பனி வண்டிக்கு எண்ணெய், எனக்கு முடிவெட்டு, எல்லாவற்றுக்கும் தவணை.

இந்த வருஷம் பெரிய வாசலில் கதவுநிலை மாதிரி நிற்கிற, ஆள் நுழைந்து போகிற மோப்பச் சட்டத்துக்குத் தவணை எப்போது வந்தது தெரியுமா? மான் வேட்டை வாரத்தில்! அந்த வாரம் நம்ம ஊரில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை, சாகக் கிடக்கிறவன்கூட இரண்டு நாள் பொறுத்துக்கொள்கிறான். மேலாளர் ஹார்விக்கே துப்பாக்கியைத் துடைத்துத் துடைத்து விரல் தேய்ந்திருந்தது. "சலுகை நாள் எதுக்குத்தான் இருக்கு லோர்னா? வேட்டை முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார். "மான் வருதுன்னு வாசலுக்கு மூக்கடைக்கணுமா ஹார்வி? முதல் நாள் முடிச்சுக் குடுத்துட்டு எல்லாரும் காட்டுக்குப் போங்க" என்றாள் இவள். கருவி பழுதுபார்க்கிற ஷெல்டன், என் வேட்டைக் கூட்டாளி, நம் வீட்டுச் சமையலறைக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, நீ சொன்னா அக்கா கேக்கும்ணே."

"நான் சொல்லி அவ கேட்டு நீ பாத்திருக்கியாடா?"

"இல்ல."

"அப்ப காப்பியைக் குடி."

முதல் நாளே வந்து முறைத்துக்கொண்டே முடித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கென்று பார்த்து, ஷெல்டன் கோடையிலிருந்து கண் வைத்திருந்த பெரிய கொம்பு மானைப் பக்கத்து வேட்டை முகாம்காரர்கள் சுட்டு, வண்டியில் கட்டி, ஆரன் அடித்தபடி நிலையத்து வாசல் வழியாகவே ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகு உன் அக்காவோடு சாப்பாட்டு அறையில் ஒருவரும் உட்காரவில்லை. அவள் வீட்டுக்கு வந்து நாயிடம் மட்டும் கொஞ்சம் அதிகமாகப் பேசினாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு பெட்டி நிறைய பட்டர் டார்ட் பலகாரம் வாங்கிக்கொண்டு, பயல்களைச் சமாதானம் செய்யலாம் என்று நிலையத்துக்குப் போனேன். வாசல் சட்டத்துக்குள் ஒரு கால்தான் வைத்தேன் மச்சான், அது கத்திய கத்தலில் ஏரிக்கரைப் பறவையெல்லாம் எழும்பிவிட்டது. காவல்காரர் ஓடி வந்தார், ஹார்வி வந்தார், ஷெல்டன் வந்தான். ஹார்வி தலையில் கை வைத்தார். "இதுக்குத்தான் சொன்னேன்! ஆளு இன்னும் உள்ளயே போகல, அதுக்குள்ள அடிக்குது. அவசரப்படுத்தினா வேலை இப்படித்தான் இருக்கும். போதும் லோர்னா, இனிமே தவணையெல்லாம் நானே பாத்துக்கறேன்." ஷெல்டன் முகம் செத்துப் போயிற்று. மானும் போய், செய்த வேலைக்கும் கெட்ட பேர் என்றால் எப்படி இருக்கும்?

உன் அக்கா கத்தவில்லை. சட்டத்துக்குள் முதலில் தானே நடந்தாள், அது வாயைத் திறக்கவில்லை. ஷெல்டனை நடக்கவிட்டாள், டார்ட் பெட்டியை நீட்டினாள், அப்போதும் சத்தமில்லை. என்னைத் தள்ளினாள், மறுபடியும் ஊளை.

"மெஷின் சரியாத்தான் இருக்கு, ஆளுதான் சரியில்ல. மெர்வின், நேத்து எங்க போன?"

"முடி வெட்ட."

என் தலையைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். காடு மாதிரி அப்படியே இருந்தது.

"உண்மையச் சொல்லுய்யா."

சொல்லிவிட்டேன். பனி வாரும்போது கொஞ்ச நாளாக நெஞ்சைப் பிடிக்கிறது, முந்தின நாள் ஆஸ்பத்திரியில் ஏதோ கதிர்வீச்சு மருந்தை ஊசியில் ஏற்றிப் படம் எடுத்தார்கள், அது ஓரிரண்டு நாள் உடம்பிலேயே இருக்குமாம். அவளிடம் சொன்னால் என் நெஞ்சுக்கும் தவணை போட்டு, உப்பையும் டார்ட்டையும் நிறுத்திவிடுவாளே என்று மறைத்தேன். என் வீட்டுத் திருட்டை அவள் வாசலில் காவல் கிடக்கிற அந்த மோப்ப நாயே கவ்விக்கொண்டு வந்துவிட்டது.

முதலில் சிரித்தவன் ஷெல்டன்தான். "மான் போனா போகுதுண்ணே, உன்னைப் புடிச்சிட்டோம்ல! உன் தலையை வேணா சுவத்துல மாட்டிக்கறோம்!" ஹார்வி ஒரு டார்ட்டை எடுத்துக்கொண்டு, "தவணை உங்ககிட்டயே இருக்கட்டும் லோர்னா" என்றார். அன்று சாப்பாட்டு அறையில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஆள். நான் காவல்காரர் அறையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பிடிபட்ட திருடன், பிடித்தது தன் பெண்டாட்டி என்று மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்ததை நீ எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறாயா? அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் நெஞ்சைப் பற்றிக் கவலைப்படாதே, வெறும் வாயுதான். நீ கிளம்பி வரவும் வேண்டாம். உன் அக்காவே இதற்காக ஒரு நாளைக்கூட நகர்த்த மாட்டாள். "உன் நெஞ்சும் வரிசைல நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். மானுக்கு நகராதவள் எனக்கா நகரப்போகிறாள்? உன் வயலில் கதிர் முற்றட்டும், உன் டிராக்டர் இருமாமல் ஓடட்டும், உன் நாக்கு மட்டும் கொஞ்சம் தேயட்டும் என்று வாழ்த்தும்,

உன் அத்தான்,
மெர்வின்

பின்குறிப்பு: ஒட்டின உறையைப் பிரித்து எழுதுகிறேன். வாயு இல்லையாம், நெஞ்சில் இரண்டு ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதாம். வருகிற வியாழக்கிழமை திறக்கிறார்கள். பின்வாசல் சட்டத்துக்குத் தவணையும் அதே வியாழக்கிழமை. உன் அக்கா என் எதிரிலேயே ஹார்விக்குப் போன் போட்டு, "பின்வாசலுக்குச் சலுகை நாள் எடுத்துக்கறேன்" என்றாள். அந்தப் பக்கத்திலிருந்து அவர் "என்ன, மானா?" என்று கேட்டார் போலிருக்கிறது. "மானை விடக் கொஞ்சம் பெருசு, புத்தி மட்டும் அதே அளவு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, எனக்குக் கோட்டை மாட்டிப் பொத்தானைப் போட்டுவிட ஆரம்பித்தாள். நான் வீட்டுக்குள்தான் இருந்தேன், கோட்டு எதற்கு என்று நானும் கேட்கவில்லை. மேலே வரவேண்டாம் என்று எழுதியதை அடித்துவிடு. கிளம்பி வா மச்சான், நாய்க்குச் சோறு வைக்க ஆள் வேண்டும்.